முட்காட்டுப் பச்சோந்தியை அறிந்து காப்பது எப்படி

உலகில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவிலும், எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் வாழ்கின்றன. இந்தியாவில் இயற்கையாக வாழ்வது ஒரே ஓர் இனம். 1768-ஆம் ஆண்டில் லாரென்டி என்ற ஆஸ்திரிய அறிஞர் 'கமீலியோ ஜெய்லானிகஸ்' என்று அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். புல்லும், முட்புதரும், இடைவெளிவிட்டு நிற்கும் மரங்களும் கலந்த வறண்ட வெளிகளே இதன் இயல்பான வீடு. ஆப்பிரிக்கச் சவானாவில் வாழும் இதன் உறவினங்கள் தேடும் நில அமைப்பும் ஏறக்குறைய இதுவேதான்.

இந்த வழிகாட்டி தோட்டம், காடு, மேய்ச்சல் நிலம் வைத்திருப்போருக்கும், ஊரின் உயிரினங்களைப் பதிவு செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கும் இளைஞர்களுக்குமானது. பச்சோந்தியைக் காக்க அதைப் பிடித்து வளர்க்க வேண்டியதில்லை, தொடவும் வேண்டியதில்லை. அது ஏறி நடக்கும் வேலியும், அந்த வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் புல்வெளியும், முட்டையிடுவதற்கான மண்ணும் கலையாமல் இருந்தால் போதும். அந்த மூன்றையும் அடையாளம் காண்பதும், அழியாமல் பார்த்துக்கொள்வதும் எப்படி என்பதையே கீழே விளக்குகிறேன்.

முதலில் சரியான விலங்கைப் பாருங்கள்

நம் ஊர்களில் கழுத்தும் தலையும் சிவந்து, வேலிக்கல்லின் மேல் தலையாட்டி நிற்கும் ஓணானைப் பலரும் பச்சோந்தி என்றே சொல்கிறார்கள். "எங்கள் தெருவில் தினமும் பச்சோந்தி வருகிறது" என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த ஓணானைப் பற்றியவையே. ஆகவே பதிவு எழுதத் தொடங்கும் முன் இவ்விரண்டையும் பிரித்தறியப் பழகுவது முதல் வேலை.

ஓணானின் உடல் உருண்டையானது. வால் சாட்டைபோல் நீண்டு நேராக நிற்கும். விரல்கள் தனித்தனியாக விரிந்திருக்கும். ஆளைக் கண்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி மறையும். பச்சோந்தியின் உடலோ இருபுறமும் அழுத்தி வைத்தாற்போல் தட்டையானது. தலையின் பின்புறம் தலைச்சீரா அணிந்ததுபோல் எலும்பு மேடு உயர்ந்திருக்கும். முழு நீளத்தில் ஏறக்குறைய பாதி வாலாக இருக்கும். அந்த வால் கிளையைச் சுற்றிப் பிடிக்கும். ஓய்வில் சுருளாகச் சுருண்டுகொள்ளும். கண்ணைச் சுற்றிலும் செதில் மூடிய கூம்பு ஒன்று புடைத்து நிற்க, அதன் நுனியில் சிறு துளை மட்டும் திறந்திருக்கும். இரு கண்களும் ஒன்றையொன்று சாராமல் சுழலும். ஒரு கண் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, மறு கண் பின்னால் உள்ள வெட்டுக்கிளியைத் தேடிக்கொண்டிருப்பதை அருகிலிருந்து கண்டவர்களுக்கு அதன்பின் எந்த ஐயமும் வராது.

காலைப் பார்ப்பது இன்னும் உறுதியான சான்று. ஐந்து விரல்களும் இரு கொத்துகளாக இணைந்து, கிடுக்கிபோல் கிளையைக் கவ்வும். முன்னங்காலில் உட்புறம் மூன்று விரலும் வெளிப்புறம் இரண்டு விரலுமாக இருக்கும். பின்னங்காலில் இது தலைகீழாகி, உட்புறம் இரண்டும் வெளிப்புறம் மூன்றுமாக அமையும். ஆணின் பின்னங்கால் குதியில் சிறு முள் போன்ற நீட்சி உண்டு. பெண்ணில் அது இராது என்பதால், நல்ல புகைப்படம் ஒன்று கிடைத்தாலே பாலினத்தைக் குறித்துவிடலாம்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். இருக்கும் இடத்திற்கு ஏற்றபடியெல்லாம் பச்சோந்தி நிறம் மாறும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், உடல் வெப்பமும், அச்சமும், இணையையோ எதிரியையோ காணும் எழுச்சியும் நிறமாற்றத்தில் பெரும் பங்கு வகிக்கின்றன. காலைக் குளிரில் கருமையேறிய பக்கவாட்டைச் சூரியனுக்குக் காட்டி வெப்பம் வாங்கிக்கொள்ளும். வெயில் ஏறியதும் வெளிறிவிடும். மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழக அறிவியலாளர்கள், தோலின் உயிரணுக்களுக்குள் அடுக்கப்பட்டிருக்கும், குவானின் என்ற வேதிப்பொருளாலான நுண்படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் பிரதிபலிக்கும் ஒளியின் நிறம் மாறுகிறது என்று 2015-ஆம் ஆண்டில் காட்டினர். அதனால் பச்சை, மஞ்சள், பழுப்பு, கருந்திட்டு என எந்தத் தோற்றத்தில் இருந்தாலும் உடல் வடிவத்தையும் காலையும் வாலையும் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

எங்கெல்லாம் வாழ்கிறது

கங்கைக்குத் தெற்கே இந்தியத் தீபகற்பத்தின் வறண்ட பகுதிகளில் இது பரவியிருக்கிறது. குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஒடிசா முதல் ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு வரை பதிவுகள் உள்ளன. மேற்கே பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தின் தென்கிழக்கிலும், தெற்கே இலங்கையின் உலர் வலயத்திலும் வாழ்கிறது. இலங்கையில் மன்னார், புத்தளம் பக்கத்து வறண்ட கரையோரங்கள் இதற்குரிய இடங்கள். அங்கே இதைக் காண்பது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் இதைத் தேட வேண்டாம். மலையின் மழைமறைவுச் சரிவுகளும், அடிவார முட்காடுகளும், சமவெளிப் புதர்களும்தான் இதன் இடம்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இதனை அழியும் அபாயம் குறைந்த இனங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. இந்தத் தகவலைப் படித்துவிட்டுக் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. ஓர் இனம் பரந்த நிலப்பரப்பில் தென்படுகிறது என்பதைத்தான் அந்த வரிசை சொல்கிறது. உங்கள் ஊர் வேலியில் இருந்த பச்சோந்திகள் இன்றும் இருக்கின்றனவா என்பதை அது சொல்லாது. மெல்ல நடக்கும் விலங்கு இது. ஓரிடத்தில் அழிந்துபோனால், நடுவே நான்குவழிச் சாலையும் வெற்று வயல்களும் கிடக்கையில் வேறிடத்திலிருந்து வந்து சேர்வது மிகக் கடினம்.

நிலத்தைப் படிப்பது எப்படி

பச்சோந்திக்கு ஏற்ற இடத்தை ஒரு பார்வையில் அறிய நான்கு அடையாளங்களைத் தேடுங்கள். ஒன்று, கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நெடுகச் செல்லும் புதர் வரிசை. தரையில் இறங்கி நடப்பது இதற்கு ஆபத்து என்பதால், இறங்காமலே செல்லக்கூடிய வழி அதற்கு வேண்டும். இரண்டு, அந்தப் புதரை ஒட்டிய திறந்த புல்தரை. வெட்டுக்கிளி, தத்துக்கிளி, வண்ணத்துப்பூச்சி, ஈ, கும்பிடுபூச்சி ஆகியவை அங்கிருந்துதான் வருகின்றன. மூன்று, மழை பெய்தால் நெகிழும், கல் குறைந்த மண். நான்கு, பூச்சிமருந்து படாத ஓரம்.

இந்நான்கும் ஒருங்கே அமைந்த இடத்திற்குக் கொங்கு நாட்டின் கொரங்காட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. திருப்பூர், கரூர், ஈரோடு மாவட்டங்களில், குறிப்பாகக் காங்கேயம், தாராபுரம் பக்கம், உழவர்கள் தலைமுறைகளாகப் பேணிவரும் மேய்ச்சல் நிலம் இது. தரையில் கொழுக்கட்டைப் புல்லும், ஆங்காங்கே வெள்வேல மரமும், நாற்புறமும் முட்கிளுவை வேலியுமாக, காங்கேயம் மாடுகளுக்கும் செம்மறி ஆடுகளுக்கும் தீனி தருகிறது. சூழலியலாளர் பார்வையில் இது மனிதக் கைகளால் காக்கப்பட்ட ஒரு சவானா. வெளியூரிலிருந்து வருபவருக்கு வறண்ட பொட்டல் என்று தோன்றும் அந்நிலத்தின் வேலி ஓரமாக ஒரு மாலைப்பொழுது நடந்தால், கிளுவைக்குள் கோவைக்கொடியும், பிரண்டையும், வேலிப்பருத்தியும், முசுமுசுக்கையும் பின்னிக் கிடப்பதையும், அவற்றின் பூவைத் தேடிப் பூச்சிகள் மொய்ப்பதையும் பார்க்கலாம். அந்தப் பின்னல்தான் பச்சோந்திக்குப் பாதையும், வேட்டைக்களமும், மறைவிடமும்.

தென்மாவட்டங்களில் உடை மரங்கள் குடைபோல் விரிந்து நிற்கும் வெளிகளிலும், கிளுவை இல்லாத இடங்களில் சங்கஞ்செடி, சூரை, இலந்தை, காரை, ஆவாரை, விடத்தேரை ஆகியவை கலந்த புதர்களிலும் இதே நான்கு அடையாளங்களைத் தேடலாம். விடத்தேரை ஆப்பிரிக்கச் சவானாவிலும் இயல்பாக வளரும் செடி. இங்கும் அங்கும் ஒரே செடி நிற்பதைக் கண்டாலே, இந்நிலம் அழிந்துபோன காட்டின் மிச்சமன்று, தனக்கென்று தொன்மையும் இயல்பும் கொண்ட நிலம் என்பது விளங்கும்.

இரவில் தேடுவது எப்படி

பகலில் பச்சோந்தியைக் கண்டுபிடிப்பது தேர்ந்த கண்களுக்கும் கடினம். நாம் அதைப் பார்ப்பதற்கு முன்பே, ஆள் நெருங்குவதை அது பார்த்துவிட்டு, கிளையின் மறுபக்கத்திற்கு நகர்ந்து உடலை இன்னும் தட்டையாக்கிக்கொள்ளும். இரவில் நிலைமை மாறிவிடுகிறது. பகலில் இயங்கும் இவ்விலங்கு, இருட்டியதும் மெல்லிய கிளைகளின் வெளிநுனிக்குச் சென்று, வாலைச் சுருட்டி, கண்ணை மூடி உறங்குகிறது. கனமான பாம்பு அந்த நுனிக்கு வந்தால் கிளை அசையும். அந்த அசைவே எச்சரிக்கை. உறங்கும்போது தோல் வெளிறிவிடுவதால், கைவிளக்கின் ஒளியில் பச்சை இலைகளுக்கிடையே வெளிர் நிறத் திட்டாகத் தனித்துத் தெரிகிறது. உலகெங்கும் பச்சோந்தி ஆய்வாளர்கள் இரவு நடையையே கணக்கெடுப்பு முறையாகக் கொள்வதற்குக் காரணம் இதுதான்.

நன்றாக இருட்டிய பின், இரவு எட்டு மணியளவில் தொடங்குங்கள். காற்றில்லாத இரவு நல்லது. காற்றடித்தால் இலையெல்லாம் புரண்டு அடிப்பக்கத்தின் வெளிர்நிறத்தைக் காட்டி ஏமாற்றும். தனியாகச் செல்லக் கூடாது. கணுக்காலை மூடும் காலணி கட்டாயம் வேண்டும். ஏனெனில் சுருட்டை விரியன் வாழ்வதும் இதே வறண்ட முள்நிலத்தில்தான், அதுவும் இரவில் நடமாடும் பாம்பு. அடுத்தவர் நிலமானால் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதியின்றி உள்ளே கால் வைக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம். ஊர்ப்பொதுப் பாதைகளின் இருபுற வேலிகளிலேயே கற்றுக்கொள்ள ஏராளம் உண்டு.

விளக்கை இடுப்பளவில் தாழ்த்திப் பிடிக்காமல் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். அப்போதுதான் ஒளி செல்லும் கோடும் பார்வை செல்லும் கோடும் ஒன்றாகும், நிழல் மறைக்காது. புதரின் உட்புறத்தை ஆராயாமல் வெளிவிளிம்பை மட்டும், முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல் எட்டும் வரை, விளக்கொளியால் மெதுவாகத் தடவிக்கொண்டே செல்லுங்கள். இலை ஒளியில் மினுங்கும். பச்சோந்தியின் செதில்தோல் மினுங்காது. மினுக்கமற்ற, முட்டை வடிவில் சற்றே நீண்ட ஒரு வெளிர்திட்டைக் கண்டால் நின்று வால் சுருளைத் தேடுங்கள். சுருள் தெரிந்தால் சந்தேகத்திற்கு இடமில்லை.

இருவர் செல்வதானால் வேலியின் இரு பக்கத்திலும் ஒரே வேகத்தில் நடப்பது சிறந்த முறை. ஒருவர் மட்டும் பார்த்தால் மறுபக்கத்தில் தூங்குபவை விடுபட்டுவிடும்.

கண்டபின் செய்ய வேண்டியது குறைவு. இரண்டு மூன்று படம் எடுத்துக்கொண்டு ஒளியை விலக்கிவிடுங்கள். விழித்துக்கொண்டு கிளையின் உள்ளே நடக்கத் தொடங்கினால், அதன் ஓர் இரவின் பாதுகாப்பான இடத்தை நாம் பறித்துவிட்டோம் என்று பொருள். படம் அழகாக வர வேண்டும் என்பதற்காகக் கிளையை வளைப்பதும் ஒடிப்பதும், கையில் ஏற்றிக்கொள்வதும் கூடவே கூடாது. இப்படிப்பட்ட படங்கள் சமூக ஊடகங்களில் பாராட்டு வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமே உண்டாகிறது.

பதிவு எழுதும் முறை

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தொலைவு, காற்று, மழை ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பச்சோந்திக்கும் அது இருந்த செடியின் பெயர், தரையிலிருந்து உயரம், வேலியின் எந்தப் பக்கம், முதிர்ந்ததா குஞ்சா, ஆணா பெண்ணா என்பவற்றைக் குறியுங்கள். செடியின் பெயரை ஊரார் சொல்லும் பெயரிலேயே எழுதலாம். நீளத்தைக் கண்ணளவில் மதிப்பிட்டால் போதும். நன்கு வளர்ந்தது வாலோடு சேர்த்து ஓரடிக்கு மேல் இருக்கும்.

ஒன்றும் தென்படாத இரவையும் தவறாமல் எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் தேவைப்படுவதும் இதுவே. இருந்தும் நம் கண்ணில் படாமல் போவது பச்சோந்தி விஷயத்தில் சாதாரணம் என்பதால், ஓர் இரவு காணாததை வைத்து அங்கே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அதே வேலியில், அதே தொலைவு, வெவ்வேறு இரவுகளில் பலமுறை நடந்த பின்னரே சொல்ல முடியும். பருவத்திற்கு ஒருமுறையேனும் அதே தடத்தைத் திரும்ப நடந்தால், சில ஆண்டுகளில் அந்த வேலியின் நிலை உங்கள் குறிப்பேட்டிலேயே தெளிவாகிவிடும்.

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் ஆகிய உயிரினப் பதிவு இணையதளங்களில் படத்தைப் பதிவேற்றுவது பயனுள்ளது. ஆனால் பதிவேற்றும்போது துல்லியமான இடத்தை மறைக்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். விற்பதற்காகப் பிடிப்பவர்களும் அதே வரைபடத்தைப் பார்க்கிறார்கள். ஊர்ப்பெயரையும் வேலியின் அடையாளத்தையும் முகநூலில் எழுதுவதும் அதே ஆபத்துதான்.

சாலையிலும் வீட்டிலும் எதிர்ப்பட்டால்

மழைக்காலத்தில் பச்சோந்திகள் தரையில் தென்படுவது கூடும். முட்டையிட வேண்டிய பெண், மரத்தை விட்டு இறங்கி, நெகிழ்ந்த மண்ணைத் தேடிச் செல்கிறது. குழி தோண்டி 10 முதல் 30 வரை முட்டையிட்டு, மண்ணை மூடிவிட்டுப் போய்விடும். அந்தப் பயணத்தில் குறுக்கிடும் சாலைதான் பெரும் எமன். ஓரடி எடுத்து வைத்து, முன்னும் பின்னும் ஆடி, மறு அடி எடுத்து வைக்கும் அதன் நடை இலைகளுக்கிடையே நல்ல மறைப்பு. தார்ச்சாலையில் அதுவே உயிருக்கு வினையாகிறது.

சாலையில் கண்டால், முதலில் உங்கள் வண்டியை ஓரம் கட்டிப் பின்னால் வருவோருக்குச் சைகை காட்டுங்கள். நீளமான ஒரு குச்சியை அதன் மார்புக்கு முன்னால் கிடைமட்டமாக நீட்டினால், பெரும்பாலும் தானே பற்றி ஏறிக்கொள்ளும். எந்தத் திசை நோக்கிச் சென்றதோ அந்தப் பக்கமே, சாலையிலிருந்து சில மீட்டர் உள்ளே தள்ளி, புதரில் குச்சியைச் சாய்த்து வைத்துவிடுங்கள். வந்த பக்கமே திருப்பி விட்டால் மீண்டும் கடக்க முயலும். வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். பல்லிக்குப் போல் இதற்கு வால் அறுந்து வளராது. பற்றியிருக்கும் கிளையிலிருந்து பிடுங்கவும் வேண்டாம். நகமும் விரலும் முறிந்துவிடும். பிடி முறிந்த பச்சோந்தியால் வேட்டையாட முடியாது.

அச்சமுற்றால் உடலை ஊதிப் பெருக்கி, வாயைப் பிளந்து சீறும். அதைக் கண்டு நஞ்சுள்ளது என்று அடித்துக் கொல்லும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. பச்சோந்திக்கு நஞ்சு கிடையாது. ஓணான் இரத்தத்தை உறிஞ்சும் என்ற பழைய அச்சம் இதன் மேலும் ஏறிக்கொண்டது. பள்ளிக் குழந்தைகளிடம் ஒருமுறை அருகிலிருந்து காட்டிச் சொன்னாலே இந்த அச்சம் விலகிவிடும். அது தன் உடலைவிட நீளமான நாக்கை வீசி ஒரு வெட்டுக்கிளியைப் பிடிப்பதைக் கண்ட குழந்தை அதன்பின் கல்லெடுக்காது.

வீட்டுத் தோட்டத்திற்கு வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். கூண்டிலோ கண்ணாடிப் பெட்டியிலோ வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் அவ்வாறே. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இது இருக்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடிக்கும் இவ்விலங்கு, அறைக்குள் அடைபட்டால் மெல்ல மெல்ல வற்றித்தான் சாகும். காயம்பட்டதைக் கண்டால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் ஒரு கிளையோடு வைத்து, காலம் தாழ்த்தாமல் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

தரிசு என்று எழுதப்பட்ட நிலம்

பச்சோந்தியின் மிகப்பெரிய சிக்கல் வேட்டைக்காரனிடம் இல்லை, நிலப்பதிவேட்டில் இருக்கிறது. புல்லும் முள்ளும் நிற்கும் வெளிகள் வருவாய்த்துறை ஏடுகளில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்டிருக்கின்றன. தேசிய அளவிலான தரிசுநில வரைபடங்களிலும் இவற்றில் பெரும்பகுதி பயனற்ற நிலமாகவே காட்டப்படுகிறது. பயனற்றது என்று எழுதிவிட்டால், சூரிய மின்தகடு நிறுவவும், மனை பிரிக்கவும், குப்பை கொட்டவும் முதலில் கைகாட்டப்படுவது அந்நிலம்தான். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் மரம் நடும் விழாக்களும் இங்கே தீங்கு செய்கின்றன. திறந்த புல்வெளியில் நெருக்கமாக மரம் நட்டு நிழல் கவிந்தால் புல் மறையும். புல் மறைந்தால் வெட்டுக்கிளி மறையும். பச்சோந்திக்கு இரை இராது. மரம் நடுவது எங்கும் எப்போதும் நன்மையே என்ற எண்ணத்தை நாம் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

உங்கள் ஊரில் இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் எந்தப் புல எண்கள் மேய்ச்சல் புறம்போக்கு என்றும் தரிசு என்றும் குறிக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். அந்த இடங்களில் இரவு நடை நடந்து சேர்த்த குறிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதுவது அதன் பணி. பல ஊர்களில் அந்தப் பதிவேடு பெயரளவில் கிடக்கிறது. உங்கள் குறிப்புகளை அதில் சேர்க்கக் கோரி எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். கிராம சபைக் கூட்டத்தில் அதைப் பேசித் தீர்மானமாக்கக் கேளுங்கள். பின்னொரு நாள் அந்நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும் கேள்வி எழும்போது, அங்கே சட்டத்தால் காக்கப்பட்ட உயிரினம் வாழ்கிறது என்று எழுத்தில் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. மேய்ப்பவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வெளி திறந்தே இருக்க வேண்டும் என்று விரும்புவதில் அவர்களுக்கும் பச்சோந்திக்கும் ஒரே நலன்தான்.

சீமைக்கருவேலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட இம்மரம் புல்வெளிகளை மூடித் தோப்பாக்கிவிடுகிறது. அதை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தமிழ்நாடு அரசும் 2022-ஆம் ஆண்டில் அந்நியத் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டிருக்கிறது. ஆனால் நாட்டுப் புதர்கள் அழிந்துபோன இடங்களில் இந்த மரத்தையே பச்சோந்தி ஏறி வாழக் கற்றுக்கொண்டிருக்கும். ஒரே நாளில் பொக்லைன் இயந்திரத்தை விட்டு எல்லாவற்றையும் பிடுங்கினால், மேலே இருப்பவற்றோடு மண்ணுக்குள் இருக்கும் முட்டைகளும் போய்விடும். பகுதி பகுதியாக வெட்டுங்கள். வெட்டும் முந்தைய இரவில் ஒருமுறை விளக்கோடு சுற்றி வாருங்கள். உறங்குபவை இருக்கும் கிளைகளுக்குக் குறியிட்டு, அந்தப் பகுதியைக் கடைசியாக எடுங்கள். அருகில் வெள்வேல், உடை, விடத்தேரைக் கன்றுகள் தலையெடுத்த பிறகு மீதியை அகற்றலாம்.

உயிர்வேலியைப் பேணும் முறை

கம்பிவேலியும் கல்தூணும் வந்தபின் கிளுவை வேலிகள் வேகமாகக் குறைந்து வருகின்றன. ஆள் கிடைப்பதில்லை, வேலி கழிக்கச் செலவாகிறது, ஓரத்தில் விளைச்சல் குறைகிறது என்று உழவர்கள் சொல்லும் காரணங்கள் உண்மையானவை. முழு வேலியையும் காக்க முடியாவிட்டால், வயலும் மேய்ச்சல் நிலமும் சந்திக்கும் பக்கத்தையாவது விடாமல் வைத்திருங்கள். கம்பி கட்டியே ஆகவேண்டும் என்றால் கிளுவையைப் பிடுங்காமல் அதன் உட்புறமாகக் கம்பியை இழுக்கலாம்.

வேலி கழிக்கும்போது ஓராண்டு ஒரு பக்கம், மறு ஆண்டு மறு பக்கம் என்று மாற்றிக் கழியுங்கள். முழு நீளத்தையும் ஒரே பருவத்தில் மொட்டையடித்தால் பச்சோந்திக்குப் போக இடமில்லை. கழித்த முள்ளை வேலியடியிலேயே போட்டுக் கொளுத்துவது பெரும் கேடு. நெருப்பு மேலே உள்ளவற்றை எரிக்கிறது, அடிமண்ணை வேகவைக்கிறது. முட்டைகள் மாதக்கணக்கில் மண்ணில் கிடப்பவை என்பதால், வேலியடியிலிருந்து ஏர் ஓட்டும் இடம் வரை மூன்று நான்கு அடி அகலத்தை உழாமல் விடுங்கள். அந்தப் பட்டையில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று வேலியை நோக்கி வீசும் நேரத்தில் தெளிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கோவையும் பிரண்டையும் படர்ந்திருந்தால் களை என்று அறுத்தெறியாதீர்கள். கிளுவை கோடையில் இலையை உதிர்த்து நிற்கும்போது, அந்தக் கொடிகள்தான் கொஞ்சம் மறைப்புத் தருகின்றன.

விட்டுப்போன இடங்களை அடைப்பது எளிது. விரல்மொத்தத்திற்குக் குறையாத முற்றிய கிளுவைப் போத்துகளை வெட்டி, ஓரிரு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாயின் ஈரம் காய்ந்தபின் மழைக்கு முன் ஊன்றுங்கள். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு வரிசையாக, சற்றுச் சாய்த்து ஊன்றினால் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். முதல் ஆண்டில் ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கழித்துப் போட்ட முள்ளையே முன்னால் சாத்தி வைக்கலாம். நடுவே பாதைக்காக வேலியை உடைத்திருந்தால், இருபுறக் கிளைகளும் மேலே தொட்டுக்கொள்ளும்படி ஒரு வெள்வேல மரத்தை அந்த இடத்தில் வளரவிடுங்கள். வண்டி கீழே போகும், பச்சோந்தி மேலே போகும்.